பொருள்: ‘ஸ்வூப்’ தரையிறக்கத்துக்குத் தமிழ்ச்சொல் – உயர்திறனா, பருந்து வீழ்வா, பாய்விறக்கமா?

மடல் 1 – மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

இளைஞர்களுக்கான விளையாட்டு இதழ் ஒன்றுக்காக, விமானத்திலிருந்து குதிப்போர் தரையிறங்கும் முறைகளைப் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வரும் திங்கட்கிழமை அது பக்க வடிவமைப்புக்குப் போக வேண்டும். கட்டுரையின் களம் அமெரிக்காவில், ஃபுளோரிடா மாநிலத்தின் டிலாண்ட் நகரம். பாராசூட் தயாரிப்புக்கும் குதிப்புப் பயிற்சிக்கும் பெயர்பெற்ற ஊர் அது.

எனக்கு வேண்டியவை இரண்டு சொற்கள். முதலாவது ‘ஸ்வூப்’, இதையே கையேடுகளில் ‘ஹை பெர்ஃபார்மன்ஸ் லேண்டிங்’ என்றும் எழுதுகிறார்கள். பாராசூட் நல்லபடியாக விரிந்த பிறகு, தரைக்குச் சில நூறு அடி உயரத்தில், குதித்தவர் வேண்டுமென்றே ஒரு கூர்மையான திருப்பத்தை எடுத்துப் பாராசூட்டைக் கீழ்நோக்கிப் பாயவிடுகிறார். அதில் கிடைத்த வேகத்தைக் கிடைமட்டமாக்கிக்கொண்டு, புல்லை உரசும் உயரத்தில் நெடுந்தொலைவு வழுக்கிச் சென்று நிற்கிறார். இரண்டாவது சொல் ‘கேனபி பைலட்டிங்’, அதாவது விரிந்த பாராசூட்டை ஓட்டும் கலை. ‘உயர்திறன் தரையிறக்கம்’, ‘விதானம் ஓட்டுதல்’ என்று வரைவில் எழுதியிருக்கிறேன். இரண்டுமே எனக்கு நிறைவாக இல்லை. வழிகாட்ட வேண்டுகிறேன்.

மடல் 2 – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அன்புள்ள அம்மையீர்,

நீங்கள் விவரித்த செயலுக்குத் தமிழில் பெயர் எண்ணூறு ஆண்டுகளாக இருக்கிறது. சூத்திர நிலைகளை நான்காக வகுத்த நன்னூலார் ‘ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு’ என்றார். உயரத்தில் வட்டமிடும் பருந்து ஓரிடத்தைக் குறித்து இறங்கி, வேண்டியதைக் கவ்விக்கொண்டு நீங்குகிறதே, அதுதான் பருந்தின் வீழ்வு. குறியும் வேகமும் இறுதியில் தரையோடு ஒட்டிய பறப்பும் அந்த ஒரு தொடரில் அடங்கிவிடுகின்றன. ‘பருந்து வீழ்வு’ என்றே வைத்துவிடலாம் என்பது என் கருத்து.

இதற்கும் முந்திய சொல் ஒன்று உண்டு. புறநானூற்றின் 43ஆம் பாட்டு ‘கூருகிர்ப் பருந்தின் ஏறு’ என்று தொடங்கும் ஓரடியில், பருந்துக்கு அஞ்சி ஓடிய புறாவைக் காட்டுகிறது. அங்கே ‘ஏறு’ என்பது மேலே ஏறுவது அன்று. எறிதல், பாய்ந்து தாக்குதல். ‘இடியேறு’ என்பதில் நிற்பதும் அதே ஏறுதான். ஆனால் தரையிறங்குவதற்கு ‘ஏறு’ என்று பெயரிட்டால் இன்றைய மாணவர் குழம்புவார் என்பதால் அதை நான் வற்புறுத்தவில்லை.

மடல் 3 – பொறியாளர், டொராண்டோ

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கும் குழுமத்தாருக்கும்,

நான் இங்கே பாராசூட்டில் குதிப்பவன். சொல்லாராய்ச்சியில் பயிற்சி இல்லாதவன். ஆனாலும் இந்தச் சொல் யார் கண்ணில் படப்போகிறது என்பதை நினைத்து எழுதுகிறேன்.

முதலில் ‘உயர்திறன் தரையிறக்கம்’ என்பதைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். திறன் யாருடையது என்ற கேள்விக்கு அந்தத் தொடரில் விடையில்லை. மூலத்தில் அது பாராசூட்டின் திறனைக் குறிக்கிறது. தமிழில் படிக்கும் இளைஞர் அதை இறங்குபவரின் திறனாகவே எடுத்துக்கொள்வார், மற்றத் தரையிறக்கங்கள் எல்லாம் தாழ்ந்த திறன் என்றும் எண்ணுவார். காற்றை எதிர்கொண்டு நேராக வந்து, உரிய நேரத்தில் பிரேக்குகளை (பாராசூட்டின் பின்விளிம்பைக் கீழிழுத்து வேகத்தைக் குறைக்கும் கைப்பிடிக் கயிறுகளை) இழுத்து, இரண்டு காலில் நிற்பவர் செய்ததும் முழுத் திறனுள்ள தரையிறக்கமே. இந்த விளையாட்டில் நான் பார்த்துக் கவலைப்படுவது, பழுதே இல்லாத பாராசூட்டின் கீழ், கடைசிச் சில விநாடிகளில் தாழ்வாகத் திரும்பிக் காயப்படுபவர்களைத்தான். அந்த ஆசையைத் தூண்டும் பெயரை நாமே வைக்க வேண்டாம்.

‘பருந்து வீழ்வு’ அழகான சொல் என்பதில் ஐயமில்லை. ஆனால் பாதுகாப்புக் கட்டுரையில் ‘வீழ்வு’ என்று வந்தால் அது விபத்தா, வித்தையா என்று வாசகர் ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். பருந்துக்கு இன்னொரு வசதியும் உண்டு: கணக்குப் பிசகினால் அது சிறகடித்து மேலே போய்விடும். எங்களுக்கு இயந்திரம் கிடையாது. உயரத்தைச் செலவழித்து வேகத்தை வாங்குகிறோம். செலவழித்த உயரம் திரும்பக் கிடைக்காது.

‘விதானம்’ பற்றியும் ஒரு சொல். விதானம், வான்குடை ஆகிய இரண்டும் காற்றைத் தடுத்து மெல்ல இறக்கும் வட்டப் பாராசூட்டையே நினைவூட்டுகின்றன. இன்று விளையாட்டில் பயன்படுவது டொமினா ஜால்பர்ட் 1964இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவத்தின் வழிவந்தது. முன்விளிம்பின் திறப்புகள் வழியாகக் காற்று புகுந்து அறைகளை நிரப்ப, துணி விறைத்துச் சிறகின் வடிவத்தைப் பெறுகிறது. அது மிதப்பதில்லை, பறக்கிறது. கையை எடுத்துவிட்டாலும் முன்னோக்கி விரைந்துகொண்டேதான் இருக்கும். எனவே ‘சிறகுக்குடை’ என்ற சொல்லைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

மடல் 4 – தனித்தமிழ் ஆர்வலர், மதுரை

நண்பர்களே,

‘பைலட்’ என்பதற்கு ‘ஓட்டுநர்’ என்று எழுதினால் பேருந்துதான் நினைவுக்கு வரும்; ‘விமானி’ என்றால் வடசொல்லின் அடி. புறநானூறு 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று பாடியிருக்கிறாரே! ஏவுகிறவன் இல்லாமல் தானே செல்லும் வான ஊர்தியை அவர் எண்ணிப் பார்த்தார் என்றால், ஏவுகிறவனுக்கு வானத்திலும் வலவன் என்ற பெயர் அன்றே பொருந்தியிருக்கிறது. ஆகவே கேனபி பைலட் ‘குடைவலவன்’. அவன் கலை ‘குடைவலம்’. வலம் என்பதற்கு வலிமை, வெற்றி, வலப்பக்கம் என்று மூன்று பொருளும் உண்டு.

இன்னும் ஒரு படி போகலாம். தேர்வலவன் கையில் பிடிக்கும் வாருக்குச் சங்க நூல்களில் ‘வள்பு’ என்று பெயர். பாராசூட்டின் கயிறுகளை உடற்பட்டையோடு சேர்க்கும் நான்கு நாடாக்களைப் படத்தில் பார்த்தேன். அவற்றில் முன்னிரண்டும் முன்வள்பு, பின்னிரண்டும் பின்வள்பு. முன்வள்பைப் பற்றியிழுத்தால் குதிரை பாய்வதுபோல் குடை பாய்கிறது. தேரிலிருந்து வானம் வரை ஒரே சொற்குடும்பம் கிடைக்கும்போது ‘ரைசர்’ என்று எழுதுவது நமக்குத் தேவையில்லை.

மடல் 5 – நாளிதழ் உதவி ஆசிரியர், சென்னை

வணக்கம். இதழைப் படிக்கப்போவது பதினாறு வயது மாணவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். வள்பு என்ற சொல்லை அவர் அகராதியில் தேடும் நேரத்தில் கட்டுரையை மூடிவிடுவார். ‘வார்’ என்று எல்லாருக்கும் தெரிந்த சொல் இருக்கிறது. இடைவார், தோள்வார் என்கிறோம். முன்வார், பின்வார் என்று எழுதினால் படமே தேவையில்லை. பாராசூட் என்ற சொல் தமிழ் நாளிதழ்களில் நன்றாகப் பழகிவிட்டது; அதை விரட்டி வான்குடையையோ சிறகுக்குடையையோ கொண்டுவருவதால் யாருக்கும் தெளிவு கூடப்போவதில்லை. ‘ஸ்வூப்’ என்பதையும் அப்படியே எழுதி, முதல் முறை வரும்போது ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடலாம் என்பதே என் பரிந்துரை. தமிழ்ச்சொல் வேண்டும் என்றே முடிவானால் ‘பாய்விறக்கம்’ என்று வைக்கலாம். பாய்வதும் இறங்குவதும் அதில் வெளிப்படையாக இருக்கின்றன.

மடல் 6 – தமிழாசிரியர், தஞ்சாவூர்

பாய்விறக்கம் புணர்ச்சியில் பழுதற்ற சொல். ‘பாய்வு’ குற்றியலுகரம் அன்று, முற்றியலுகரம். ஆயினும் ‘முற்றும் அற்று ஒரோவழி’ என்று நன்னூலே இடந்தருவதால் உகரம் கெட்டு ‘பாய்விறக்கம்’ ஆகிறது. பாய் என்பது கப்பலில் கட்டும் துணியையும் குறிப்பதால், காற்று நிரம்பிய துணியின் சாயலும் சொல்லில் ஒட்டிக்கொள்கிறது.

எனினும் வீழ்வைப் பற்றி டொராண்டோ நண்பர் சொன்னதற்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். வீழ்தல் என்றால் கீழே விழுதல் மட்டும் அன்று. வள்ளுவர் ‘தாம்வீழ்வார்’ என்னுமிடத்தில் அது விரும்புதல். விரும்பிச் செய்வதே வீழ்வு எனக் கொண்டால், எதிர்பாராத விபத்திலிருந்து அது தன்னைத் தானே பிரித்துக்கொள்கிறது. குளத்தின் மேல் நடத்தும் ஸ்வூப் போட்டிகளை எண்ணிச் ‘சிரல்’ என்னும் மீன்கொத்தியையும் சிலர் முன்மொழியக்கூடும். ஆனால் சிரல் நீருக்குள் நேரே புகுந்துவிடும். நீர்ப்பரப்பை ஒட்டிச் செல்வது தகைவிலான் குருவிதான். அதைச் சொல்லாக்க நான் முயன்று பார்த்தேன்; நாவில் தங்கவில்லை.

மடல் 7 – பொறியாளர், டொராண்டோ

ஐயா, வள்ளுவர் காட்டிய பொருள் எனக்குப் புதிது, நன்றி. இருந்தும் அந்த வரியைப் படித்தவர்கள் மட்டும் பாராசூட்டில் இறங்குவதில்லை. சொல்லைத் தீர்மானிக்கும் முன் இந்தச் செயல் எப்படிப் பயிலப்படுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சொல் அந்தப் பயிற்சியோடு ஒத்துப்போக வேண்டும் என்பதே என் கவலை.

எல்லாம் சிறகுச்சுமையில், அதாவது பாராசூட்டின் ஒரு சதுர அடி தாங்கும் எடையில், தொடங்குகிறது. குதிப்பவரும் கருவிகளும் சேர்ந்து 180 பவுண்டு, பாராசூட் 180 சதுர அடி என்றால் சுமை 1. அதே ஆள் 90 சதுர அடிப் பாராசூட்டில் தொங்கினால் சுமை 2. போட்டியாளர்கள் அதற்கும் மேலே போகிறார்கள். சுமை கூடக் கூடப் பாராசூட் விரைந்து பறக்கும், கூர்மையாகத் திரும்பும், பாய்ச்சலிலிருந்து தானாக நிமிர்வதற்கு அதிக உயரத்தைத் தின்னும். வெப்பமான நாளிலும் மேட்டுநில மைதானத்திலும் காற்று அடர்த்தி குறைவதால் அந்த உயரம் மேலும் கூடும். நேற்று சரியாக இருந்த கணக்கு இன்று தரையில் மோதவைக்கும்.

ஆகவே பயிற்சி தரைக்கருகில் தொடங்குவதில்லை. உயரத்திலேயே பாராசூட்டை விரித்து, உயரமானியைப் பார்த்துக்கொண்டு, ஒரு திருப்பத்துக்கு எத்தனை அடி செலவாகிறது என்று திரும்பத் திரும்ப அளக்கிறோம். முன்வாரில் தைத்திருக்கும் வளையத்துக்குள் விரல்களைக் கோத்து இழுத்தால், முதலில் இணங்கி வருகிற வார், வேகம் கூடியதும் இறுகி, விரல்களைப் பிரித்துக்கொண்டு மேலே போகப் பார்க்கும். அந்த இழுவையைக் கை அறிந்த பிறகே பயிற்றுநரின் கண்காணிப்பில் தரையிறக்கத்துக்குக் கொண்டுவருகிறோம். முதலில் திருப்பமே இல்லாமல் இரண்டு முன்வாரையும் ஒன்றாக இழுத்து நேரே வருவது. பிறகு 90 பாகை. 270 பாகை வெகு காலத்துக்குப் பின். உயரம் போதாது என்று தோன்றிய கணத்தில் முன்வாரை விட்டுவிட்டு, பின்வாராலோ பிரேக்காலோ நிமிர்த்தி வெளியேறும் பழக்கம் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வந்திருக்க வேண்டும்.

வானில் தனியாகவும் இல்லை. வழக்கமாக இறங்குபவர் ஏறத்தாழ 1000 அடியில் காற்றோடு சென்று, 600 அடியில் குறுக்கே திரும்பி, 300 அடியில் காற்றை எதிர்நோக்குவார். 270 பாகை சுழல்பவருக்குச் சுழற்சியின் ஒரு பகுதியில் அந்தப் பாதை கண்ணிலேயே படாது. இரண்டு வகை இறக்கத்துக்கும் தனி இடமோ தனி நேரமோ ஒதுக்க வேண்டும் என்று அமெரிக்கப் பாராசூட் சங்கம் தன் உறுப்பு மையங்களைக் கேட்பது இதனால்தான். அச்சங்கத்தின் இரண்டாம் நிலையான ‘பி’ உரிமத்துக்குப் பாராசூட் ஓட்டும் பயிற்சி தனியாகக் கட்டாயமாக இருப்பதையும் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள்.

என் பரிந்துரை ‘வேகம்கூட்டிய தரையிறக்கம்’. நீளமானதுதான். ஆனால் வேகம் தானாக வரவில்லை, ஒருவர் கூட்டினார் என்பதை அது மறைக்காமல் சொல்கிறது.

மடல் 8 – மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்

அனைவருக்கும் நன்றி. நாளை காலை கோப்பை அனுப்பியாக வேண்டும் என்பதால், தனிமடலில் வந்த கருத்துகளையும் சேர்த்துப் பெரும்பான்மையை ஏற்றுக்கொள்கிறேன். ‘ஸ்வூப்’ முதல் முறை விளக்கத்தோடு வரும். அதன் பிறகு முழுவதும் ‘பாய்விறக்கம்’. ரைசர்கள் முன்வார், பின்வார். கேனபி பைலட்டிங் ‘பாராசூட் செலுத்துதல்’. சிறகுக்குடை என்பதைத் தலைப்பில் ஏற்காவிட்டாலும், பாராசூட் ஒரு சிறகு என்ற விளக்கத்தை இரண்டாம் பத்தியிலேயே சேர்த்துவிட்டேன். உயர்திறன் என்ற அடைமொழியைக் கட்டுரை முழுவதிலும் நீக்கிவிட்டேன்.

மடல் 9 – தனித்தமிழ் ஆர்வலர், மதுரை

‘வலவன்’ விலக்கப்பட்டதற்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பாராசூட் என்று எழுதிக்கொண்டே கலைச்சொல் ஆக்கினோம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. குழுமச் சொற்பட்டியலில் ‘குடைவலவன்’ மாற்றுச்சொல்லாகவேனும் இடம்பெற வேண்டும்.

மடல் 10 – பொறியாளர், டொராண்டோ

பாய்விறக்கத்தை ஏற்கிறேன், முழு மனத்தோடு இல்லாவிட்டாலும். ஒன்றை மட்டும் கோப்பு போகும் முன் மாற்ற வேண்டும். நீங்கள் அனுப்பிய வரைவில், தடையைத் தவிர்க்க ஒருவர் பதறிப்போய்ப் பிரேக்கை ஒரு பக்கம் இழுத்துத் தாழ்வாகத் திரும்பி விழுவதையும் ‘தவறிய பாய்விறக்கம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது பாய்விறக்கம் அன்று; அதைச் செய்பவர் பெரும்பாலும் பாய்விறக்கம் கற்கவே தொடங்காதவர். அதற்குத் ‘தாழ்திருப்பம்’ என்ற தனிச்சொல்லை இடுங்கள். பதறித் திரும்புவதைவிடச் சிறகைச் சமமாக வைத்துக்கொண்டு, காற்றுக்குக் குறுக்கேயோ காற்றோடோ இறங்கிப் பிரேக்கை முழுமையாக இழுத்து, கால்களைச் சேர்த்து உருள்வது மேல் என்ற வாக்கியத்தையும் அந்த இடத்திலேயே சேருங்கள். பக்கத்தில் இடம் போதாவிட்டால் போட்டிகளைப் பற்றிய பத்தியைக் குறைத்துக்கொள்ளலாம்.