அப்பா அம்மாவுடன் பாங்காக்கில் இருக்கிறேன், முதல் நாளே அம்மாவுக்குத் தலைசுற்றல். மீதி நாட்களுக்கு என்ன செய்வது?

வைகைக்கரையான்:

வணக்கம். நேற்று இரவுதான் பாங்காக் வந்தோம். அப்பாவுக்கு வயது 69, பிரஷரும் சுகரும் உண்டு, இரண்டுக்கும் மாத்திரைதான், இன்சுலின் கிடையாது. அம்மாவுக்கு 64, முழங்கால் வலி தவிர வேறு ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். ஏப்ரலில் இங்கே வெயில் அதிகம் என்று தெரிந்துதான் வந்தேன், எனக்கு லீவு கிடைத்ததும் இப்போதுதான், மதுரைக்காரர்களுக்கு வெயில் புதிதா என்று நினைத்துவிட்டேன்.

இன்று காலை பத்தரைக்கு அரண்மனைக்குப் போனோம். மரகத புத்தர் சன்னதி எல்லாம் பார்த்து வெளியே வரும்போது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. வாட் போ கோவில் பக்கத்தில்தான் என்று மதில் ஓரமாகவே நடந்தோம். பாதி வழியில் அம்மா அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார், முகம் வெளுத்துப்போய், தலை சுற்றுது, குமட்டுது என்றார். அங்கே வண்டியில் பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் கொடுத்து, ஐஸைத் துணியில் சுற்றி அம்மாவின் கழுத்தில் வைத்து, விசிறியும் விட்டார். டாக்ஸி பிடித்து ரூமுக்கு வந்துவிட்டோம். சாயங்காலம் எழுந்து கொஞ்சம் தயிர் சாதம் சாப்பிட்டார், இப்போது தெளிவாகப் பேசுகிறார், காய்ச்சல் இல்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்று இரவு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

10, 11, 12 மூன்று நாளும் முழுதாக இருக்கின்றன, 13ஆம் தேதி இரவு விமானம். வாட் அருண் கோவில், அயோத்தயா, மிதக்கும் சந்தை, பட்டாயா எல்லாம் திட்டத்தில் வைத்திருந்தேன். இப்போது டிக்கெட்டை மாற்றி ஊருக்கே போய்விடலாமா என்று இருக்கிறது. "என்னால உங்க எல்லாருக்கும் கெட்டுப்போச்சு" என்று அம்மா அழுகிறார். வயதானவர்களோடு இந்த ஊரில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சிலோம்வாசி:

தம்பி, பதினோரு வருஷமாக இங்கே இருக்கிறேன். திரும்பிப் போவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். முதலில் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தார், எத்தனை தடவை பாத்ரூம் போனார்? தனியாக, மெதுவாகக் கேளுங்கள், அப்பா முன்னால் கேட்க வேண்டாம்.

என் அம்மா வந்தபோது தினமும் பாட்டிலை நிரப்பிக் கையில் கொடுப்பேன், சாயங்காலம் அது நிரப்பிய மாதிரியே திரும்பி வரும். போகிற இடத்தில் பாத்ரூம் எங்கே, எப்படி இருக்கும், தண்ணீர் இருக்குமா, வெறும் காகிதம்தானா என்கிற பயம். குடிக்காமல் இருந்துவிட்டால் அந்தப் பிரச்சினையே இல்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார். நம் அம்மாக்கள் பேருந்துப் பயணத்தில் வாழ்நாள் முழுக்கச் செய்து பழகியது இது. தண்ணீர் குடி, குடி என்று நூறு தடவை சொன்னாலும் மாறாது, பாத்ரூமைக் காட்டிக் கொடுத்தால்தான் மாறும். இங்கே மால்களில் கழிவறை சுத்தமாக இருக்கும், கையில் பிடித்து அடிக்கிற ஸ்ப்ரே குழாயும் பெரும்பாலும் உண்டு. அதை முதலில் சொல்லுங்கள்.

அப்புறம் மதுரை வெயில் பற்றி. மதுரையில் உங்கள் அம்மா நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு ரோட்டில் நடப்பாரா? ஃபேனுக்கு அடியில்தானே இருப்பார். இங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை வழியும் ஆனால் காயாது, காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சென்னையும் பாங்காக்கும் ஏறக்குறைய ஒரே 13 டிகிரி அட்சரேகைதான், ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். சென்னையில் அம்மாவைப் பன்னிரண்டு மணிக்கு எங்கே கூட்டிப்போக மாட்டீர்களோ அங்கே இங்கேயும் வேண்டாம். வெயில் நேரத்தில் அவர் வீட்டில் எப்படி இருப்பாரோ அப்படியே இருக்கட்டும்.

மருந்துக்கடைக்காரர்:

எனக்கு உங்கள் அப்பாவைப் பற்றித்தான் அதிகக் கவலை. மருந்தாளுநராக இருக்கிறேன், டாக்டர் இல்லை. பிரஷர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டெல்மிசார்டனோடு ஹைட்ரோகுளோரோதையசைடு அல்லது குளோர்தாலிடோன் சேர்ந்திருந்தால் அதில் சிறுநீரைக் கூட்டுகிற மருந்து இருக்கிறது. வியர்வையிலும் தண்ணீர் போய், மாத்திரையாலும் போனால் கால் பிடித்து இழுப்பது, எழுந்தால் தலை சுற்றுவது எல்லாம் வரும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஊரில் உள்ள டாக்டருக்கு இன்றே போன் செய்து வெயிலையும் கெண்டைக்கால் வலியையும் சொல்லி என்ன செய்வது என்று கேளுங்கள்.

சுகர் மாத்திரையில் கிளிமிபிரைடு இருந்தால் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகவே கூடாது. சர்க்கரை இறங்கினாலும் வியர்வை, நடுக்கம், தலைசுற்றல்தான் வரும், பார்க்க வெயில் மயக்கம் மாதிரியே இருக்கும். குளுக்கோமீட்டர் கொண்டு வந்திருந்தால் சோதித்துப் பாருங்கள். அதை வெயிலில் காய்ந்த பையில் வைக்காதீர்கள், ஸ்ட்ரிப் தப்பாகக் காட்டும்.

அம்மாவுக்கு ஓஆர்எஸ் கொடுக்கலாம். அப்பாவுக்கு அதிலுள்ள உப்பும் சர்க்கரையும் கணக்கில் வரும், டாக்டரிடம் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இளநீரும் அப்படித்தான், டெல்மிசார்டன் சாப்பிடுகிறவர்கள், அதிலும் சிறுநீரகக் கோளாறு இருந்தால், நாள் முழுக்கக் குடிக்கக் கூடாது, பொட்டாசியம் ஏறும்.

இன்னொன்று. பேச்சு குழறினால், இடம் தெரியாமல் உளறினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் ரூமுக்குக் கூட்டி வராதீர்கள், 1669க்கு அடியுங்கள், அங்கே அதுதான் ஆம்புலன்ஸ். வரும்வரை நிழலில் படுக்கவைத்து உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். நினைவு சரியாக இல்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம்.

வைகைக்கரையான்:

அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே சரி. தனியாகக் கேட்டேன். விமானத்தில் ஏறியதிலிருந்து இன்று மதியம் வரை இரண்டு வாய் தண்ணீர்தான் குடித்திருக்கிறார். "புது ஊர்ல எங்கடா போறது, புடவையும் கட்டிக்கிட்டு" என்றார். நான் அவர் பக்கத்திலேயே நடந்திருக்கிறேன், ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அப்பா அட்டையில் ஹைட்ரோகுளோரோதையசைடு இருக்கிறது. டாக்டரிடம் பேசிவிட்டோம், ஊர் திரும்பும் வரை வேறு மாத்திரை சொல்லியிருக்கிறார், தினமும் பிரஷர் பார்த்து அனுப்பச் சொன்னார். மதியம் சாப்பிடாமல் டாக்ஸியில் வந்ததை அவரிடம் சொன்னபோது கொஞ்சம் திட்டினார்.

பல்லவபுரம்:

முழங்கால் வலி என்கிறீர்கள், திரும்பும்போது விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் தனிக் கட்டணம் கிடையாது, ஆனால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், இப்போதே சொல்லுங்கள். சுவர்ணபூமியில் கேட் வரைக்கும் நடை அதிகம். என் அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னார், உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க மனம் வரவில்லை.

சிலோம்வாசி:

சரி, இப்போது திட்டத்தைப் பார்ப்போம். பட்டாயாவையும் அயோத்தயாவையும் எடுத்துவிடுங்கள். அயோத்தயா எனக்கு ரொம்பப் பிடித்த இடம், ஆனால் திறந்த வெளியில் செங்கல் இடிபாடுகள், நிழல் குறைவு, ஏப்ரலுக்கு ஆகாது.

நாளை முழுக்க ஓய்வு. அம்மா தெம்பாக இருந்தால் சாயங்காலம் சிலோமில் உள்ள மாரியம்மன் கோவிலுக்குப் போங்கள், 19ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது, வாட் கேக் என்றால் எந்த டாக்ஸிக்காரருக்கும் தெரியும். சுரசாக் ஸ்டேஷனிலிருந்தும் கிட்டத்தில்தான். தாய்லாந்துக்காரர்களே தட்டில் பூவும் பழமும் வைத்துக்கொண்டு வருவார்கள், அம்மா பார்க்க வேண்டும். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வாட் போ. மெட்ரோவில் சனாம் சாய் இறங்குங்கள், லிஃப்ட் இருக்கிறது. 46 மீட்டர் நீளத்தில் புத்தர் படுத்திருப்பார், கூரைக்குக் கீழேதான், வெயில் படாது. அங்கிருந்து தா தியன் படகுத்துறைக்கு நடந்து, அக்கரைக்குப் படகு, வாட் அருண். படிகள் செங்குத்து, அம்மா ஏறவே வேண்டாம், கீழே நிழலில் உட்காரட்டும். பத்தரைக்கு ரூமில் இருக்க வேண்டும். மிதக்கும் சந்தைதான் வேண்டும் என்றால் 12ஆம் தேதி ஐகான்சியாம் மாலுக்குப் போங்கள், கீழ்த்தளத்தில் அதே மாதிரி ஏசிக்குள் அமைத்திருக்கிறார்கள், சாதோன் படகுத்துறையிலிருந்து படகு விடுகிறார்கள்.

13ஆம் தேதி சோங்கிரான், அதாவது இவர்களுடைய புத்தாண்டு, தொடங்கிவிடும், தெருவில் யார் மேலும் தண்ணீர் அடிப்பார்கள். மாத்திரை, பாஸ்போர்ட் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போடுங்கள். சிலோம் ரோடு பக்கம் போகாமல் பயா தாய் ஸ்டேஷனிலிருந்து விமான நிலைய ரயிலைப் பிடியுங்கள், அரை மணி நேரத்தில் போய்விடலாம்.

வைகைக்கரையான்:

11ஆம் தேதி இரவு எழுதுகிறேன். நேற்று கோவிலில் அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், தூணில் சாய்ந்துகொண்டு. இன்று வாட் போ, வாட் அருண் இரண்டும் முடித்து பத்தேகாலுக்கு ரூமுக்கு வந்துவிட்டோம். எங்கே போனாலும் முதலில் நான் போய் பாத்ரூமைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன், அதற்குப் பிறகு அவராகவே பாட்டிலைத் திறக்கிறார். அப்பாவுக்குக் கால் இழுப்பு நின்றுவிட்டது, பிரஷரும் சரியாக இருக்கிறது.

நாளைக் காலை வெயிலுக்கு முன்னால் அந்தப் பழக்காரப் பெண்மணியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அம்மா சொல்கிறார். அவர்கள் பாஷையில் நன்றி எப்படிச் சொல்வது?

சிலோம்வாசி:

பெண்கள் சொன்னால் "கோப் குன் கா". நீங்களும் அப்பாவும் சொல்வதானால் "கோப் குன் க்ராப்". கும்பிட்டுக்கொண்டே சொல்லச் சொல்லுங்கள், அது இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். எட்டு மணிக்குள் போங்கள், அந்நேரத்துக்கு வந்திருக்காவிட்டால் பக்கத்துக் கடையில் கேளுங்கள், வெயிலில் நின்று காத்திருக்க வேண்டாம்.