சாங்ஷன்: அனுமதியா, தண்டனையா? உங்களுக்கு நேர்ந்ததையும் பகிருங்கள்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்டு பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இத்தனை காலத்தில் என்னை மிகவும் தலைகுனிய வைத்த சொல் அகராதியின் மூலையில் கிடக்கும் அரிய சொல்லன்று. கடன், விடுப்பு, செலவு என்று எதைப் பேசினாலும் வாயில் வந்துவிடும் ‘சாங்ஷன்’ என்ற சொல்தான்.

ஒரு சங்கத்தின் ஆண்டறிக்கையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அதன் ஒழுங்குமுறைக் குழு இரண்டு உறுப்பினர்களைச் ‘சாங்ஷன்’ செய்ததாக ஒரு வரி இருந்தது. “குழு இரண்டு உறுப்பினர்களுக்கு ஒப்புதல் அளித்தது” என்று தயங்காமல் எழுதினேன். அடுத்த வரியில், அவர்களுடைய வாக்குரிமை ஆறு மாதங்களுக்கு நிறுத்தப்பட்டதாக இருந்தது. ஒப்புதலும் உரிமை நிறுத்தமும் ஒட்டவில்லை என்பது அப்போதே தெரிந்தது. ஆனாலும் முதல் வரியைச் சந்தேகிக்காமல், இரண்டையும் இணைக்க “எனினும்” என்ற சொல்லைச் செருகினேன். மெய்ப்புப் பார்த்தவர் என் தவறான வினைச்சொல்லைத் தொடவே இல்லை, அந்த “எனினும்” என்பதை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டு, “இது மூலத்தில் எங்கே இருக்கிறது?” என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அந்த ஒரு கேள்வியிலேயே முழுத் தவறும் எனக்கு விளங்கிவிட்டது. குழு அவர்களுக்கு ஒப்புதல் அளிக்கவில்லை, அவர்கள்மீது நடவடிக்கை எடுத்திருந்தது.

ஒரே சொல் எப்படி இரண்டு எதிர்த் திசைகளில் போக முடியும் என்று அதன் பின்னர் தேடிப் படித்தேன். இலத்தீனில் ‘சன்கீரே’ என்பது, மீற முடியாதபடி புனிதமாக்கி ஆணையிடுவதைக் குறிக்கும் வினை. புனிதர் என்னும் பொருளுடைய ‘செயிண்ட்’, அடைக்கலமான ‘சாங்சுவரி’ ஆகியவை இதே வேரில் வந்தவை. உரோமானியச் சட்டத்தில், சட்டத்தை மீறுவோருக்கு என்ன நேரும் என்று சொல்லும் பகுதியின் பெயரே ‘சாங்ஷியோ’. ஆகவே சட்டத்துக்கு வலிமை கொடுப்பதும், மீறியவருக்குத் தண்டனை கொடுப்பதும் தொடக்கத்தில் ஒரே செயலின் இரு முகங்கள். ஆங்கிலம் அந்த இரு முகங்களையும் தனித்தனியே வளர்த்துவிட்டது. இவற்றுக்கு முந்திய மூன்றாவது பொருளும் உண்டு. 1713-இல் பேரரசர் ஆறாம் சார்லஸ், தம் ஆட்சிப் பகுதிகளை மகளும் மரபுரிமையாகப் பெறலாம் என்று பிறப்பித்த ‘பிராக்மேட்டிக் சாங்ஷன்’ என்பதில், அச்சொல்லுக்கு அரசாணை என்பதே நேர்ப்பொருள்.

நாடுகளின்மீது விதிக்கப்படும் ‘சாங்ஷன்ஸ்’ நமக்குச் செய்திகளின் வழியே பழகியது. ஐக்கிய நாடுகள் சாசனத்தில் அச்சொல்லின் மூல ஆட்சியைப் பார்த்துவிடலாம் என்று 1945-ஆம் ஆண்டின் அந்த ஆவணத்தில் 41-ஆம் பிரிவைத் திறந்தேன். பொருளாதார உறவுகளைத் துண்டிப்பது, போக்குவரத்தை நிறுத்துவது, தூதரக உறவை முறிப்பது என எல்லாம் அங்கே இருக்கின்றன. அந்தச் சொல் மட்டும் இல்லை.

இப்போது நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கிறேன்: ‘சாங்ஷன்’ செய்யப்பட்டது எது? திட்டம், செலவு, பயணம், பணியிடம் போன்ற செயலோ பொருளோ என்றால் அனுமதி; மனிதரோ நிறுவனமோ நாடோ என்றால் பெரும்பாலும் தண்டனை. பன்மையில் வந்து, பின்னால் ‘ஆன்’ அல்லது ‘அகைன்ஸ்ட்’ என்ற முன்னிடைச்சொல் இருந்தால் தடை நடவடிக்கைதான். உங்களுக்கும் இச்சொல்லோடு ஏதேனும் நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

மறுமொழி

ஐயா, தாங்கள் எழுதியதைப் படித்ததும் என் பழைய அலுவலகம் நினைவுக்கு வந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் நிறுவனத்தின் பெயரில் கடன் வசதி கேட்டிருந்தார். அது ஏற்கப்பட்டதும், “உங்கள் நிறுவனம் சாங்ஷன் செய்யப்பட்டுள்ளது” என்னும் பொருளில் மின்னஞ்சல் அனுப்பினேன். நாம் பேசும் ஆங்கிலத்தில் அது நற்செய்தி. அவருடைய ஆங்கிலத்திலோ, ஒரு நிறுவனத்தைப் பற்றி அப்படிச் சொன்னால் அது தடைப்பட்டியலில் சேர்ந்துவிட்டது என்று பொருள். சில நிமிடங்களில் தொலைபேசியில் அழைத்துவிட்டார், குரல் நடுங்கியது. அவர் நிறுவனத்தின் எல்லாக் கணக்குகளும் முடங்கப்போகின்றன என்று எண்ணியிருக்கிறார். அன்று முதல் அத்தகைய கடிதங்களில் ‘அப்ரூவ்’ என்றே எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடன் சாங்ஷன் ஆவது வேறு, பணம் கணக்கில் வரவாவது வேறு. கடிதத்தில் உள்ள நிபந்தனைகளை நிறைவேற்றிய பின்னரே பணம் விடுவிக்கப்படும். சொல்லைக் கேட்ட மகிழ்ச்சியில் முன்பணம் கொடுத்துவிட்டு வந்து வருந்தி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி

நான் ஆங்கிலம் கற்பிக்கிறேன். “அம்மா என்னை விளையாடச் சாங்ஷன் செய்தார்” என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். அகராதியில் ‘அனுமதி’ என்று பார்த்ததால் அவள் அப்படி எழுதினாள். அதில் அவள் குற்றம் எதுவுமில்லை. வீட்டில் அம்மா கொடுப்பது ‘லெட்’ அல்லது ‘அலவ்’. சாங்ஷன் என்றால் அதிகாரம் படைத்த ஓர் அமைப்பு முறைப்படி இசைவு தர வேண்டும் என்று விளக்கினேன். உடனே அவள், “அப்படியானால் அதற்கே ஏன் தண்டனை என்றும் போட்டிருக்கிறது?” என்று கேட்டாள்.

கரும்பலகையில் ‘வரிவிலக்கு’, ‘மதுவிலக்கு’ என்று அருகருகே எழுதினேன். முதலாவதில் வரி கட்ட வேண்டாம் என்ற சலுகை. இரண்டாவதில் மது கூடாது என்ற தடை. இரண்டிலும் ‘விலக்கு’ ஒன்றே. நாம் ஒருநாளும் குழம்பியதில்லை, ஏனெனில் எது விலக்கப்படுகிறது என்பது முன்னால் நிற்கிறது. அவள் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை. தாங்கள் கேட்கச் சொன்ன கேள்வியும் அதுவேதான். ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘அன்சாங்ஷன்ட்’ என்று எதிர்மறை முன்னொட்டோடு வந்தால், பொதுவாக அனுமதி பெறாதது என்றே கொள்ளலாம்.

தொடங்கியவரின் மறுமொழி

அம்மா, ‘விலக்கு’ எனக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. ஆட்சித்தமிழில் இசைவுப் பொருளுக்கு ‘ஒப்பளிப்பு’ என்ற நல்ல சொல் இருப்பதால், அனுமதிப் பொருளுக்கு அதையே ஆள்கிறேன். மற்றதற்குத் தடை அல்லது ஒழுங்கு நடவடிக்கை.

தங்கள் இருவரின் மறுமொழிகளையும் படித்தபின் என் பழைய கோப்புகளில் இச்சொல் வந்த இடங்களையெல்லாம் மீண்டும் பார்த்தேன். ஓரிடம் மட்டும் தீரவில்லை. ‘சாங்ஷன்ட் டீலர்’ என்று பட்டியலின் தலைப்பில் தனியாக நிற்கிறது. முன்னும் பின்னும் வாக்கியமே இல்லை. ஒப்புதல் பெற்ற விற்பனையாளரா, தடைக்கு உள்ளானவரா என்பதை என் கேள்வியாலும் பிரிக்க முடியவில்லை. அன்று ‘ஒப்புதல் பெற்ற’ என்று போட்டிருக்கிறேன். இன்று காலை மூல ஆவணத்தைத் தந்தவருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.