பாட்காஸ்ட் நேர்காணலில் மூத்தவர்களை இயல்பாகப் பேசவைப்பது எப்படி?

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன்):
வணக்கம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்ததில் தொடங்கி, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்களை நேர்காணும் தமிழ் பாட்காஸ்ட் ஒன்றை நடத்துகிறேன். கேள்விகளை முன்கூட்டியே அனுப்பிவைத்தும், பதிவின்போது தாத்தாக்களும் ஆயாக்களும் "ஆமாம்", "அப்படித்தான்" என்று முடித்துக்கொள்கிறார்கள். மைக்கை அணைத்துவிட்டுத் தேநீர் அருந்தும்போதுதான் நல்ல கதைகள் வருகின்றன. இதற்கு என்ன செய்யலாம்?

பதில் 1 (பீனிக்ஸ்):
கேள்விகளை அனுப்பாதீர்கள்; எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதை மட்டும் சொல்லுங்கள். எழுதிய கேள்வியைக் கண்டால் பெரியவர்களுக்குத் தேர்வு எழுதும் அச்சம் வந்துவிடுகிறது. அடுத்தது, விடையை உள்ளே வைத்துக் கேட்கும் பழக்கம். "கேட்டோ மேனரிலிருந்து வெளியேற்றியபோது வேதனையாக இருந்திருக்குமே?" என்றால் "ஆமாம்" என்பதைத் தவிர அவர் என்ன சொல்வார்? "லாரி வந்த அன்று முதலில் எதை ஏற்றினீர்கள், எதை விட்டுவிட்டு வந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவர் நிறுத்தியதும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் சற்றுப் பொறுத்தால், பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் உண்மையான பதில் வரும். ஆண்டுகளை அவரிடம் கேட்டுத் தொல்லைப்படுத்த வேண்டாம். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து மக்களை வெளியேற்றக் காரணமான, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டம் 1950இல் வந்தது என்பதை நீங்களே முன்னுரையில் சொல்லிவிடலாம். பாட்டனார் வந்த விவரம் வேண்டுமானால், பெயர், வயது, ஊர், பதிவு எண் ஆகியவை கப்பல் பட்டியல்களில் உள்ளன. முன்னதாகவே பார்த்துவிட்டுச் செல்லுங்கள். அந்த ஊரின் பெயரை நீங்கள் சொன்னாலே பேச்சு தானாகத் தொடங்கிவிடும்.

பதில் 2 (மவுண்ட் எட்ஜ்கம்ப்):
கோயில் வரலாறு பற்றிப் பேச என்னை அவ்வப்போது அழைப்பார்கள் என்பதால், விருந்தினர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். யார் கேட்பார்கள், எவ்வளவு நேரம், வெட்டித் தொகுப்பீர்களா என்ற மூன்றையும் ஒப்புக்கொள்ளும் முன்பே விருந்தினர் கேட்டுவிட வேண்டும். பேசக்கூடாத குடும்பச் செய்திகள் இருந்தால் அவற்றையும் முன்பே சொல்லிவிடலாம். பதிவின் நடுவே மறுப்பது இருவருக்கும் சங்கடம். பதிலை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பிறகு கதைக்குப் போனால், தொகுப்பவருக்கு வெட்ட இடம் கிடைக்கும். "முன்பே சொன்னதுபோல" என்பதைத் தவிருங்கள், அந்த முன்பகுதி வெட்டப்பட்டிருக்கலாம். தொகுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விருந்தினரை அறிமுகப்படுத்துகிறேன் என்று அவர் சொல்லவேண்டிய கதையை நீங்களே சொல்லித் தீர்த்துவிடாதீர்கள். இது எனக்குப் பலமுறை நேர்ந்திருக்கிறது.

பதில் 3 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
ஒலிப்பதிவு பற்றி ஒரு சொல். கதை கேட்பவர் "ம்" கொட்டுவது நம் வழக்கம். நேரில் அது ஊக்கம், காதொலிப்பானிலோ இரைச்சல். ஆளுக்கொரு மைக் வைத்துத் தனித்தனித் தடங்களில் பதிந்தால், வேண்டாத "ம்"களை நீக்கலாம், எல்லாவற்றையும் நீக்கத் தேவையில்லை. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்திலும், காற்று நேராக மோதாதபடி சற்றுச் சாய்வாகவும் இருக்கட்டும். 48 கிலோஹெர்ட்ஸில் வேவ் கோப்பாகப் பதிந்து, உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலை ஒட்டியிருக்கும்படி அளவை அமையுங்கள்; மெல்லப் பேசும் ஆயா திடீரெனச் சிரித்தாலும் ஒலி உடையாது. தேநீரின்போது கதை வருகிறது என்றால், தேநீரையே பதிவுக்குள் கொண்டுவாருங்கள். ஆனால் பதிவு ஓடுவதைச் சொல்லாமல் மட்டும் ஓடவிடாதீர்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அடுத்த பதிவில் பேத்தியும் உடன் அமர விரும்புகிறார். அனுமதிக்கலாமா?

பதில் 1:
அனுமதிக்கலாம். ஆயாவுக்குத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறிக் கொள்ளவும் அது துணிவு தரும். ஆனால் பேத்தி பதில்களைத் திருத்தத் தொடங்கினால் ஆயா வாயை மூடிக்கொள்வார்; ஆகவே பேத்திக்கும் ஒரு மைக் கொடுத்து, அவரைக் கேள்வி கேட்பவராக அமர்த்திவிடுங்கள்.