தாத்தாவைப் பற்றிய குறும்படத்துக்கு 85,000 ரூபாய் திரட்ட வேண்டும், எப்படிக் கேட்பது?

வாய்க்கால்கரை:
வணக்கம். திருநெல்வேலியில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கடைசிப் பருவத்துக்கு 15 நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்க வேண்டும். கேள்வி பணத்தைப் பற்றித்தான், ஆனால் கதையைச் சொல்லாமல் கேள்வி புரியாது.

என் தாத்தா அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். 1987-இல் வாய்ப்பாடு சொல்லாத ஐந்தாம் வகுப்புப் பையனைக் கன்னத்தில் அறைந்தார். இடது காதில் சீழ் பிடித்து, கடைசியில் அந்தக் காது கேட்காமலே போய்விட்டது. அடிபட்டவர் இப்போது எங்கள் ஊர்க் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். தாத்தா மேல் அவருக்குக் கோபமே கிடையாது. போன தை மாதம் மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலத் தட்டோடு வந்து பத்திரிகை வைத்தார். தாத்தா ஏதோ கேட்க, அவர் முகத்தைத் திருப்பி வலது காதைக் கொடுத்தார். அதோடு தாத்தாவுக்குப் பேச்சு நின்றுபோனது. "அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் சார்" என்று அவரே சொல்லிவிட்டுப் போனார்.

தாத்தா மறக்கவில்லை. இன்றைக்கும் கடைத்தெரு வழியாகப் போக மாட்டார், வாய்க்கால் கரையைச் சுற்றித்தான் போவார். சின்னப் பிள்ளைகள் மடியில் ஏறினால் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். அடிபட்டவர் மன்னித்த பிறகும் தன்னைத் தானே மன்னிக்க முடியாமல் இருக்கும் ஒருவரைப் பற்றியதுதான் படம்.

மொத்தச் செலவு 1,30,000. கேமரா, லென்ஸ், லைட் மூன்று நாள் வாடகை 36,000. படப்பிடிப்பிலேயே ஒலிப்பதிவு செய்ய 24,000. 14 பேருக்குச் சாப்பாடு, வேன் 30,000. எடிட்டிங்கும் ஒலிக்கலவையும் 25,000. மீதி 15,000 இதரச் செலவு. அம்மா சீட்டு எடுத்துத் தந்த 30,000, நான் கல்யாண வீடியோ எடுத்துச் சேர்த்த 15,000, இரண்டும் கையில் இருக்கின்றன.

நண்பன் ஒருவன் நன்கொடைக் கோரிக்கை எழுதித் தந்தான். "ஒரு குழந்தையின் காதைப் பறித்த ஆசிரியரின் கண்ணீர்க் கதை" என்று தலைப்பு, கீழே தாத்தா போட்டோ. போட்டால் பணம் வரும் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் கை வரவில்லை. அவரை விற்காமல் எப்படிக் கேட்பது? படம் எடுப்பது தாத்தாவுக்குத் தெரியும், பணம் கேட்கப்போவது தெரியாது.

ஒலிக்காரன் மதுரை:
தங்கச்சி, பத்து வருஷமாக ஒலிப்பதிவு செய்கிறேன். கன்னத்தில் அறையும் காட்சியைக் காட்டாதே. சிறுவனை நடிக்க வைத்தால் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும், ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கவும் கூடாது. காலி வகுப்பறையும் வாய்ப்பாட்டுச் சத்தமும் போதும். இரண்டே நாளில் முடிந்துவிடும். வாடகை 24,000, சாப்பாடும் வேனும் 20,000 என்று இறங்கும். உனக்குத் தேவை 63,000 தான்.

ஒலியில் மட்டும் கை வைக்காதே. ஒரு காது கேட்காதவருக்குச் சத்தம் வருவது தெரியும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுதான் சட்டென்று பிடிபடாது. சைக்கிள் கடைக்காரர் பின்னால் யாரோ கூப்பிட, அவர் தப்பான பக்கம் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு நொடியைச் சரியாகச் செய்துவிட்டால் வசனமே வேண்டாம்.

பழைய ஃபிலிம் சொசைட்டி:
இணையத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டரை நம்பி இருக்காதீர்கள். இந்தியாவில் வசிப்பவர்கள் அதில் திட்டம் தொடங்க முடியாது.

நம் பக்கத்தில் இதற்கு வேறு வழி ஏற்கெனவே இருக்கிறது. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேசா திரைப்படக் குழு நண்பர்களும் கேரளத்தில் ஊர் ஊராகப் போய், சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரையிட்டு, ஜனங்களிடம் கைக்காசு வாங்கித்தான் 1986-இல் 'அம்ம அறியான்' எடுத்து முடித்தார்கள். அதற்குப் பத்து வருஷம் முன்பு ஷியாம் பெனகலின் 'மந்தன்' படத்துக்குக் குஜராத் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள். பரிதாபப்பட்டுப் போட்ட பணம் இல்லை அது. படம் வந்ததும் லாரி லாரியாகப் போய்ப் பார்த்தார்கள், அது அவர்கள் படம்.

ஆகவே முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் போகாமல், இந்தக் கதை யாருடைய கதை என்று பாருங்கள். தெருவில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி ஒரு படம் போடுங்கள். துண்டு ஏந்துவதில் வெட்கமே வேண்டாம்.

ஆடிட்டர் ஆபீஸ் அக்கா:
சுருக்கமாக மூன்று விஷயம். இதற்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வை. சொந்தக்காரர் அல்லாதவர்கள் தரும் பணம் ஒரு நிதியாண்டில் 50,000-ஐத் தாண்டினால் முழுத் தொகையும் உன் வருமானமாகக் கணக்கில் வரும். வேறு வருமானம் பெரிதாக இல்லாத மாணவிக்கு வரி வராது, இருந்தாலும் யார், எவ்வளவு என்று நோட்டில் எழுதி வை. அப்புறம், வெளிநாட்டில் இருப்பவர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் பரவாயில்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் படத்துக்குப் பணம் அனுப்பினால் வெளிநாட்டு நிதிச் சட்டம் குறுக்கே வரும், வாங்காதே.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி:
அம்மா, உன் பதிவை நேற்று இரவு படித்தேன். 34 வருடம் வேலை பார்த்தவன் நான். 2009 கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் அடிப்பதைத் தடை செய்வதற்கு வெகு காலம் முன்பே எங்களுக்குத் தெரியும், அடிப்பது தப்பு என்று. தெரிந்தும் அடித்தோம். புளியங்குச்சி ஒடித்து வரச் சொல்லி, ஒடித்து வந்த பிள்ளையையே முதலில் அடித்திருக்கிறேன். அவன் பெயர் நினைவிருக்கிறது, எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை.

எங்களைப் போன்ற கிழவர்களிடம் கேள். கருவூலத்துக்கு வரும்போதும் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்திலும் நாங்கள் பேசாத விஷயம் இது ஒன்றுதான். ஒரு பக்கத்தில், உன் கையால் கடிதம் எழுது. போட்டோ வேண்டாம், ஊர்ப்பெயர் வேண்டாம். எழுதியதை முதலில் தாத்தாவிடம் காட்டு. சைக்கிள் கடைக்காரரிடமும் சொல்லாமல் ஒரு ரூபாய் வாங்காதே, காது அவருடையது. அவர்கள் இருவரும் சரி என்றால் என் பங்கு 2,000, சங்கத்தில் நானே படித்துக் காட்டுகிறேன்.

வாய்க்கால்கரை:
பதில் சொல்ல மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். எல்லாருக்கும் நன்றி, சாருக்கு ரொம்ப.

முதலில் சைக்கிள் கடைக்குப் போனேன். வலது பக்கமாக ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார். பஞ்சர் ஒட்டிக்கொண்டே முழுக்கக் கேட்டார். "கடையில வச்சே எடுத்துக்கோ பாப்பா, வாடகை வேண்டாம். ஆனா என்னைப் பாவப்பட்டவனா காட்டிராதே. நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார். கதையில் நான் அவரை அழ வைத்திருந்தேன். அந்தக் காட்சியை எடுத்துவிட்டேன்.

இதுவரை வந்தது 41,500. பெரும்பாலும் சங்கத்து ஐந்நூறு, ஆயிரங்கள். கடிதம் படித்து முடித்ததும் இரண்டு பேர் எழுந்து வெளியே போய்விட்டார்களாம், பிறகு வந்து பணம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு எங்கள் தெருவில் திரையிடல், மீதி 21,500-க்கு. பற்றாமல் போனாலும் சித்திரையில் படப்பிடிப்பைத் தொடங்கிவிடுவேன், எடிட்டிங் செலவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தாத்தாவிடம் கடிதத்தைக் கொடுத்த அன்று அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். இரண்டு இடத்தில் ஒற்று விட்டதைத் திருத்தினார். "ஒரு நாள் தவறுதலாக ஒரு மாணவனை அறைந்துவிட்டார்" என்று எழுதியிருந்தேன். அதில் "தவறுதலாக" என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.