பாதிக் கட்டடம் தயார்: நோயாளிகளை உள்ளே விடலாமா, முழுசும் முடியட்டும் என்று பொறுக்கணுமா?

பிறைப்பாலம்:
பினாங்கின் பெருநிலத்துப் பக்கம் தனியார் மருத்துவமனைக் கட்டுமானத்தில் இருப்பவர்கள் அடிக்கடி மோதிக்கொள்ளும் கேள்வி. ஒரு மாதிரிக் கட்டடத்தை வைத்துப் பேசுவோம். எட்டு மாடி, 200 படுக்கை. கீழ் மூன்று மாடி முடிந்துவிட்டது: வெளிநோயாளர் பிரிவு, எக்ஸ்ரே, மருந்தகம், 20 நாற்காலி டயாலிசிஸ். மேலே அறுவைக்கூடம், ஐசியு, வார்டுகள். அங்கே இன்னும் நான்கு மாத வேலை பாக்கி. கீழ்த்தளங்களுக்கு மட்டும் பகுதி சிசிசி, அதாவது அந்தப் பகுதி கட்டி முடிந்தது, புழங்கலாம் என்ற எஃப்1 பாரச் சான்றிதழ், வாங்கித் திறந்துவிடலாம் என்பது என் கட்சி.

முக்கியக் காரணம் தண்ணீர். ஆள் புழங்காத கட்டடம் நாளுக்கு நாள் கெட்டுப்போகும். குழாயில் தேங்கிய நீரில் குளோரின் குறைந்துபோகும், சுவரில் கிருமிப் படலம் கட்டும். நிமோனியா தரும் லெஜியொனெல்லா கிருமி செழிப்பது ஏறக்குறைய 25 முதல் 45 டிகிரிக்குள். குளிர்ந்த நீரை 20 டிகிரிக்குக் கீழே வை என்கிறது இங்கிலாந்து வழிகாட்டி. பினாங்கில் குழாயைத் திறந்த உடனே வருவதே 28 டிகிரிக்கு மேல். ஆக நமக்கு இருக்கும் காவல் இரண்டுதான்: குளோரின், ஓட்டம். கட்டடத்தில் 1,200 குழாய் வாய் இருந்து, ஒவ்வொன்றையும் 3 நிமிடம் திறந்துவிட்டால் ஒரு சுற்றுக்கு 60 மணி நேர வேலை. வாரம் இரண்டு சுற்று என்றால் 120. மூன்று பேர் வேறு வேலையே பார்க்க முடியாது. கீழே ஆள் புழங்கினால் அந்தச் சுமையில் ஒரு பங்காவது குறையும்.

செம்புக்குழாய்:
தம்பி, குழாய் வாயை எண்ணிய நீங்கள் தொட்டியை எண்ணவில்லை. படுக்கைக்கு நாளுக்கு 1,000 லிட்டர் என்று வையுங்கள். 200 படுக்கைக்கு 200 கனமீட்டர். 2024 ஜனவரியில் சுங்கை டூவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றியபோது நாள்கணக்கில் தண்ணீர் இல்லாமல் கிடந்ததைப் பார்த்தபின், இரண்டு நாள் சேமிப்புக்குக் குறைத்து யாரும் வரையமாட்டார்கள். ஆக 400 கனமீட்டர் தொட்டி.

இப்போது உங்கள் கீழ்த்தளம் எவ்வளவு குடிக்கும்? டயாலிசிஸில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 500 மில்லி, நான்கு மணி நேரம்: 120 லிட்டர். 20 நாற்காலி, மூன்று ஷிப்ட்: 7.2 கனமீட்டர். நீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரம் தள்ளிவிடும் கழிவுநீரையும் சேர்த்தால் 12 என்று வைப்போம். கழிப்பறை, கை கழுவுதல், துடைப்பு எல்லாம் இன்னொரு 8. மொத்தம் 20. நானூறை இருபதால் வகுத்துப் பாருங்கள். உள்ளே போன தண்ணீர் வெளியே வர 20 நாள். மொட்டைமாடி வெயிலில் அத்தனை நாள் எந்தக் குளோரின் தாங்கும்? பாதித் திறப்பு நீங்கள் சொன்ன நோயைத் தீர்க்காது, நோயாளியை அதன் எதிரே கொண்டுபோய் உட்காரவைக்கும்.

இதைவிட எனக்குப் பயம் தருவது ஒன்று. மேல்மாடிக் குழாய் முடிந்ததும் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் ஊற்றி, ஒரு மணி நேரம் வைத்து, அதன்பிறகு கழுவிவிடுவது வழக்கமான முறை. டயாலிசிஸ் நீரில் மொத்தக் குளோரின் 0.1க்கு மேல் போகக்கூடாது. ஐந்நூறு மடங்கு. மாடிக்கு மாடி ஏறும் ஒரே தண்டுக்குழாயில் இரண்டும் தொங்கினால், ஒரு வால்வு சரியாக மூடாமல் கசிந்தாலே போதும். குளோரினை உறிஞ்சும் கரித்தொட்டி இரண்டு வரிசையாக இருந்தாலும் அவை நகராட்சித் தண்ணீருக்காகக் கணக்கிட்டவை. அது தாண்டி வந்தால் இயந்திரத்துக்குள் ஓடும் ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடையும். இருபது பேருக்கும் ஒரே நேரத்தில்.

பட்டர்வொர்த்_கணக்கர்:
நான்கு மாதம் பூட்டிவைத்தால் வங்கி வட்டி நிற்காது, வேலைக்கு எடுத்துப் பயிற்சி கொடுத்த தாதியர்களுக்குச் சம்பளம் நிற்காது. இன்னொரு பக்கம், ஒரே நாளில் எட்டு மாடியையும் திறந்தால் புதிய கணினி முறை, புதிய மருந்தகம், புதிய ஆள்கள் எல்லாம் ஒன்றாகச் சோதனைக்கு வரும். வெளிநோயாளர் பிரிவில் பதிவு தடுமாறினால் ஒருவர் அரை மணி நேரம் காத்திருப்பார். ஐசியுவில் தடுமாறினால் கதை வேறு. சின்னதில் பழகிப் பெரியதற்குப் போவதுதான் முறை.

உரிமம் பற்றி ஒரு சொல். 1998ஆம் ஆண்டுச் சட்டம் 586இன்படி முதலில் அமைக்க ஒப்புதல், பிறகு நடத்த உரிமம். உரிமம் வாங்கிய பின் விரிவாக்கினால் அதற்கும் முன்கூட்டியே ஒப்புதல் வேண்டும். கட்டம் கட்டமாகத் திறப்பவர்கள் இதை முதல் விண்ணப்பத்திலேயே வரைபடத்தோடு காட்டிவிட வேண்டும். நடுவில் எண்ணம் மாறினால் மாதங்கள் பறிபோகும்.

வார்டு_சிஸ்டர்:
பணக்கணக்கு புரிகிறது, கணக்கர் ஐயா. தூசிக்கணக்கையும் பாருங்கள்.

மேலே ஜிப்சம் பலகை அறுக்கிறார்கள், சீலிங் கழற்றி மாட்டுகிறார்கள். அந்தத் தூசியில் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை வித்து இருக்கும். ஆரோக்கியமானவருக்கு ஒன்றும் ஆகாது. கீமோ எடுப்பவருக்கும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்தவருக்கும் அது நுரையீரலில் இறங்கினால் உயிரே போகலாம். அதனால் "வெளிநோயாளர்" என்ற பெயரில் கீமோ நாள்சிகிச்சையைக் கீழே வைக்கவே கூடாது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றுப் பரிசோதனைக்கு வருபவர்களை என்ன செய்வீர்கள்? அவர்களும் அதே லிஃப்ட் வாசலில்தானே நிற்பார்கள்.

தூசி படிக்கட்டு வழியாக மட்டும் வருவதில்லை. லிஃப்ட் தண்டு ஒரு பம்பு மாதிரி, பெட்டி ஏறி இறங்கும்போது தளத்துக்குத் தளம் காற்றைத் தள்ளும். கீழ்த்தள ஏசியின் வெளிக்காற்று வாய் எங்கே இருக்கிறது, இடிபாடு கொட்டும் குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதை வரைபடத்தில் பார்த்தால் போதாது, நேரில் போய்ப் பார்க்கணும்.

அடுத்தது தீ. மேலே வெல்டிங் நடந்தால் குத்தகையாளர் அந்த மண்டலத்தின் புகை உணரியைத் துண்டிப்பார், இல்லையென்றால் தூசிக்காக மூடி போட்டு வைப்பார். மாலையில் மூடி கழற்றப்பட்டதா என்று யார் எண்ணுவது? தீயணைக்கும் தெளிப்பான் குழாயில் ஒரு இணைப்பு மாற்றத் தண்டு முழுக்க நீரை வடிப்பார்கள். அந்த நேரம் கீழே இருபது பேர் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பார்கள். ஒருவரைக் கழற்றிவிட ஒரு தாதிக்குச் சில நிமிடமாவது ஆகும். நான்கு பேருக்கு ஒரு தாதி என்றால் கடைசி ஆள் எப்போது எழுவார்? 2016 அக்டோபர் 25, ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனை ஐசியு தீயில் ஆறு நோயாளிகள் இறந்தார்கள். எழுந்து ஓட முடியாதவர்கள் இருக்கும் தளத்துக்கு மேலே வெல்டிங் நடக்கும் கட்டடத்தை என்னால் "தயார்" என்று சொல்ல முடியாது.

எடின்பரோ சிறுவர் மருத்துவமனையை எல்லாரும் படிக்கணும். 2019 ஜூலையில், இடம் மாறச் சில நாள்களே இருக்கும்போது நிறுத்தினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கு 10 முறை காற்று மாற வேண்டும், கட்டியிருந்தது 4க்கு. தவறு வருடங்களுக்கு முன்பே அறைவாரியான ஒரு அட்டவணையில் நுழைந்தது. கடைசிவரை யார் கண்ணிலும் படவில்லை.

பிறைப்பாலம்:
சிஸ்டர், அதே எடின்பரோவில் அடுத்து என்ன நடந்தது? காற்றோட்ட வேலை நடந்துகொண்டிருந்தபோதே 2020 ஜூலையில் வெளிநோயாளர் சேவையை அங்கே தொடங்கினார்கள். கட்டடம் முழுதாகத் திறந்தது 2021 மார்ச்சில். உங்கள் உதாரணமே என் பக்கம் பேசுகிறது.

செம்புக்குழாய் அண்ணே, தொட்டிக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 400 கனமீட்டரை ஒரே தொட்டியாக யார் கட்டச் சொன்னது? எட்டு அறையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு, தனி வடிகால் வையுங்கள். தொடக்கத்தில் ஒரே அறை, 50 கனமீட்டர். இரண்டரை நாளில் தண்ணீர் மாறிவிடும். தண்ணீர்த் தடை அறிவிப்பு வந்தால் முந்தின நாள் இன்னும் இரண்டு அறையைக் கழுவி நிரப்பலாம்.

குளோரின் ஆபத்துக்கு வால்வை நம்பவேண்டாம். மேல்மாடித் தண்டு பிரியும் இடத்தில் ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) வைத்த அரை மீட்டர் குழாய்த் துண்டைக் கழற்றி எடுத்துவிடுங்கள். இரண்டு வாயிலும் தகடு போட்டு அடையுங்கள். நடுவில் காற்று இருக்கும்போது எந்த மருந்தும் தாண்டாது. கழற்றிய துண்டு மருத்துவமனைப் பொறியாளர் அறையில் பூட்டுக்குள் இருக்கட்டும், குத்தகையாளர் கையில் வேண்டாம்.

லோட்பேங்க்:
மின்சாரத்தை யாரும் தொடவில்லை, அதனால் நான் சொல்கிறேன். இரண்டு கட்சியிலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை.

ஒரு மருத்துவமனையில் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை, தெனாகா மின்நிறுவனத்தின் மின்சாரம் வரும் பிரதான பிரேக்கரை நிஜமாகவே இறக்கிப் பார்ப்பது. ஜென்செட்டை, அதாவது டீசல் ஜெனரேட்டரை, பொத்தான் அழுத்தி ஓட்டிக் காட்டுவது சோதனை ஆகாது. பிரேக்கர் இறங்கினால் 15 விநாடிக்குள் ஜென்செட் சுமையை ஏற்க வேண்டும், அறுவைக்கூட விளக்கு அரை விநாடிக்குள் யூபிஎஸ் வழி வரவேண்டும். ஜென்செட் பெரும்பாலும் ஓடிவிடும். மாட்டிக்கொள்வது அதன்பிறகு: ஏசி கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்திருந்த அளவுகளை மறந்துவிடும், ஏசிக்குக் குளிர்நீர் தரும் சில்லர் மறுபடி குளிர் தரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், காந்தப் பூட்டுக் கதவு எதிர்ப்பக்கமாக நடந்துகொள்ளும், தாதியர் அழைப்பு மணி தவறுதலாகச் சாதாரணச் சுற்றில் மாட்டியிருக்கும். சுமை இல்லாத கட்டடத்தில் ஜென்செட்டை ஓட்டினால் இன்னொரு கேடு. 30 விழுக்காட்டுக்கும் குறைந்த சுமையில் நீண்ட நேரம் ஓடும் டீசல் எஞ்சினில் எரியாத எண்ணெய் புகைபோக்கியில் படியும். அதனால் செயற்கையாக மின்சுமை தரும் வாடகைச் சுமைப்பெட்டி கொண்டுவந்து முழுச் சுமையில் ஓட்ட வேண்டும்.

பாதியைத் திறந்துவிட்டால் இந்தச் சோதனையை எப்போது செய்வீர்கள்? மேல்மாடி முடிந்ததும் மறுபடி பிரதான பிரேக்கரை இறக்கியாக வேண்டும். கீழே டயாலிசிஸ் ஓடும். பேட்டரி ரத்த பம்பைக் கொஞ்ச நேரம் சுற்றும், ஆனால் ஆர்ஓ நின்றுவிடும். வாரம் மூன்று முறை என்ற அட்டவணையில் ஞாயிறு காலியாக இருக்கும் மையத்தில் அன்றைக்குத்தான் செய்யலாம். அந்த ஞாயிறுகளை இப்போதே நாள்காட்டியில் எழுதிவையுங்கள். ஒன்று போதாது. முதல் சோதனை எதையாவது காட்டிக்கொடுக்கும், திருத்திவிட்டு மறுபடி செய்யணும்.

டீசல் பம்பையும் பாருங்கள். 2012 சாண்டி புயலில் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையின் ஜென்செட் 13வது மாடியில் பத்திரமாக இருந்தது, எண்ணெய் ஏற்றும் பம்பு நிலத்தடித் தளத்தில் மூழ்கியது. ஆள்கள் டீசலைப் படிக்கட்டில் தூக்கிப் போனார்கள். 2017 நவம்பர் வெள்ளத்தைக் கண்ட பினாங்கில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

குளிரூட்டல் பற்றி ஒரு கேள்வி, பிறைப்பாலம். 600 டன் குளிர்த்திறன் உள்ள சில்லர் இரண்டு போட்ட கட்டடத்தில் உங்கள் கீழ் மூன்று மாடிக்கு 120 டன்தான் தேவை என்றால்? சில்லர் ஓடி நின்று ஓடி நின்று தவிக்கும். ஈரப்பதத்தை இழுக்காது. நம் ஊர்க் காற்றில் இரண்டு வாரத்தில் சீலிங்கில் பூஞ்சை தெரியும்.

பிறைப்பாலம்:
அதற்குச் சின்ன சில்லர் ஒன்று, 150 டன் அளவில், வடிவமைப்பிலேயே சேர்க்கணும். பிறகு அது இரவுச் சுமைக்கும் உதவும், வீண் போகாது. கட்டி முடித்த பின் யோசித்தால் மொட்டைமாடியில் இடம் இருக்காது என்பதையும் ஏற்கிறேன்.

செம்புக்குழாய்:
அறை பிரித்த தொட்டி, கழற்றிய குழாய்த்துண்டு, சின்ன சில்லர். இந்த மூன்றும் வரைபடக் கட்டத்திலேயே இருந்திருந்தால் என் எதிர்ப்பு பாதி குறையும். பிரச்சினை என்னவென்றால், கட்டம் கட்டமாகத் திறப்பது என்ற முடிவு பெரும்பாலும் வேலை தாமதமான பிறகுதான் வருகிறது. அப்போது தொட்டி ஒன்றுதான் இருக்கும், தண்டு ஒன்றுதான் இருக்கும்.

தண்ணீர்ச் சோதனையில் ஈயத்தையும் சேருங்கள். பெர்த் சிறுவர் மருத்துவமனையில் 2016இல் குடிநீரில் ஈயம் கண்டுபிடித்தார்கள். பித்தளை இணைப்புகள்மீது சந்தேகம் விழுந்தது. நோயாளிகள் உள்ளே போனது 2018 மே மாதத்தில். முதல் மாதிரியை இரவு முழுக்கத் தேங்கிய நீரில் எடுக்கணும். ஓடவிட்டு எடுத்தால் எல்லாமே சுத்தமாகத்தான் தெரியும்.

ஆக்சிஜனும் அப்படியே. கீழே குழாய்வழி ஆக்சிஜனைத் திறந்துவிட்டு, பிறகு மேல்மாடிக் கிளையை ஓடும் குழாயில் இணைத்தால், எந்த வாயில் எந்த வாயு வருகிறது என்ற சோதனையை முதலிலிருந்து செய்யணும்: ஒரு வாயுவுக்கு மட்டும் அழுத்தம் கொடுத்து, மற்றவற்றைக் காலி செய்து, ஒவ்வொரு வாயையும் திறந்து பார்ப்பது. கீழே ஆள் இருக்கும்போது அதைச் செய்ய முடியாது. நான்கு மாதத்துக்கு சிலிண்டரிலேயே ஓட்டுங்கள்.

வெளிநோயாளர், எக்ஸ்ரே, மருந்தகம் திறக்கலாம். டயாலிசிஸ் வேண்டாம்.

பட்டர்வொர்த்_கணக்கர்:
அண்ணே, டயாலிசிஸை எடுத்துவிட்டால் தண்ணீர் ஓட்டம் 20இலிருந்து 8 ஆகிவிடும். ஐம்பது கனமீட்டர் அறைகூட மாற ஆறு நாளுக்கு மேல் ஆகுமே?

செம்புக்குழாய்:
ஆகும். அதனால் அறையை முழுக்க நிரப்பாமல், மிதவையை இறக்கி 15 கனமீட்டரில் நிறுத்துங்கள். கடைசிக் குழாய் வாயில் தினமும் குளோரின் அளந்து எழுதுங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அன்றைக்கே ஓடவிடுங்கள்.

வார்டு_சிஸ்டர்:
அப்படியானால் என் நிபந்தனை இது. கட்டட ஆள்களுக்குத் தனி வாசல், தனி ஏற்றம். படுக்கை லிஃப்டில் சிமென்ட் மூட்டை ஏறக்கூடாது. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே குழாய் போகும் ஒவ்வொரு ஓட்டையும் தீத்தடுப்புப் பூச்சால் அடைபட்டிருக்கணும், படம் எடுத்து எண் போட்டுக் காட்டணும். புகை உணரி மூடி எத்தனை போட்டோம், எத்தனை கழற்றினோம் என்று தினமும் மாலை ஆறு மணிக்கு எழுதி என் மேசைக்கு வரணும். எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் மறுநாள் காலை மேலே வெல்டிங் கிடையாது. இதில் கையெழுத்துப் போட எந்தக் குத்தகையாளர் தயார் என்று கேட்டுவிட்டு வாருங்கள் பிறைப்பாலம், அப்புறம் தேதி பேசலாம்.