பெரியப்பாவின் ஆம்ப் யாருக்கு? ('பெரிய வீடு' வாட்ஸ்அப் குழு)

நான்: பெரியப்பா அறைப் பரணைக் காலி செய்கிறேன். போர்வை சுற்றி ஒரு ஆம்ப் (பாட்டுக்கான ஆம்ப்ளிஃபயர்) இருக்கிறது. மராண்ட்ஸ் கம்பெனியின் 2270. இறக்குவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. யாருக்கு வேண்டும்?

நான்: [படம்]

விக்கி: அது இன்னுமா இருக்கு? பழைய சாமான்காரருக்குப் போடு

ராஜி அக்கா: டேய்!!

சித்தப்பா: யாரும் தொடாதீர்கள்.

நான்: தொடாமல் எப்படி இறக்குவது சித்தப்பா

சித்தப்பா: பிளக்கில் சொருகாதே என்கிறேன். பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும். படம் போடு.

அத்தை: கார்த்தி, அங்கேதான் என் தையல் மெஷினும் இருக்கும், பாரேன்

நான்: [படம்] 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்

சித்தப்பா: நினைத்தேன். அண்ணன் கப்பலில் இருந்தபோது அமெரிக்காவில் வாங்கியது. 230 வோல்ட்டில் நேராகக் கொடுத்தால் ஃபியூஸ் போகும். அது போனால் அதிர்ஷ்டம், போகாவிட்டால் புகைதான். கூடவே வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருக்க வேண்டும், தேடு. அது கிடைத்தாலும் உடனே போடக் கூடாது. 1971-இல் வந்த மாடல். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் வருஷக்கணக்காகக் கரண்டையே பார்க்கவில்லை. அலுமினியத் தகட்டின் மேல் இருக்கும் மெல்லிய ஆக்ஸைடு படலம்தான் அவற்றுக்குக் காப்பு. சும்மா கிடந்தால் அது நலிந்துபோகும். அதனால் முதலில் சீரீஸ் பல்ப். ஆம்புக்குப் போகிற ஒரு வயரை வெட்டி நடுவில் பழைய குண்டு பல்பைத் தொடராகச் சேர்க்க வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் முழுசாக எரியும், ஆம்ப் தப்பிக்கும். பளிச்சென்று மின்னி உடனே மங்கினால் பயமில்லை. எல்இடி பல்ப் இதற்கு உதவாது.

விக்கி: சுருக்கமாகச் சொன்னால்?

ராஜி அக்கா: சொருகாதே

விக்கி: 👍

மாமா: மச்சான், இது அசல் மராண்ட்ஸே கிடையாது. அதை ஆரம்பித்த சால் மராண்ட்ஸ் 1964-லேயே கம்பெனியை சூப்பர்ஸ்கோப் என்கிற இன்னொரு கம்பெனிக்கு விற்றுவிட்டார். மராண்ட்ஸ் என்றால் மாடல் 9. டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடி வால்வ் செட். இல்லையென்றால் மெக்கின்டாஷ் எம்சி275. கேடி88 வால்வ் போட்டு சேனலுக்கு 75 வாட், அதுவும் 1961-லேயே!

சித்தப்பா: அத்தான், மாடல் 9-இல் ஒரு சேனல்தான், ஒரு பக்க ஸ்பீக்கருக்கு மட்டும். ஸ்டீரியோவுக்கு இரண்டு வாங்க வேண்டும். நேரில் பார்த்திருக்கிறீர்களா?

மாமா: படத்தில் பார்த்திருக்கிறேன்

சித்தப்பா: அதானே.

விக்கி: இது எத்தனை வாட்?

சித்தப்பா: பெயரிலேயே இருக்கிறதே. 2230 என்றால் 30, 2245 என்றால் 45, இது 70. எல்லாம் சேனலுக்கு.

விக்கி: 70தானா?? என் சவுண்ட்பார் 600 😎

ராஜி அக்கா: முடிந்தது. இனி ஒரு கட்டுரை வரும்

சித்தப்பா: எந்தக் கணக்கில் 600? ஒரு நொடிக்கா, ஒரு மணி நேரத்துக்கா? இந்த மாதிரி வாட் புளுகு அந்தக் காலத்திலேயே உண்டு. அதனால்தான் 1974-இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் விதி கொண்டுவந்தது. அன்றைய விதிப்படி மூன்றில் ஒரு பங்கு சக்தியில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேற்ற வேண்டியிருந்தது. பிறகு எல்லாச் சேனலையும் ஒன்றாக ஓட்டி, தொடர்ந்து எத்தனை வாட் தருகிறது, அப்போது டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) எவ்வளவு என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சூட்டைத் தாங்க, அதை வெளியேற்றுகிற உலோகத் தகடான ஹீட்சிங்க் பெரிசாக வேண்டும், எடையும் ஏறும். அதற்குப் பிறகுதான் நிஜ வாட்டில் போட்டி. பயனியர் எஸ்எக்ஸ்-1250 வந்தது 1976-இல், 160 வாட். 1978-இல் எஸ்எக்ஸ்-1980, 270 வாட், சுமார் 35 கிலோ. இவ்வளவு செய்தும் என்ன? 70-ஐ 140 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்குக் கொஞ்சம்தான் தெரியும். அதே 1978-இல் வந்த நாட் 3020 வெறும் 20 வாட். இன்றைக்கும் அதைத் தேடி அலைகிறார்கள்.

விக்கி: சவுண்ட்பாரை வெளியே வைத்துவிடுகிறேன் சித்தப்பா, மன்னித்துவிடுங்கள்

அத்தை: தையல் மெஷின் இருக்கா இல்லையா?

நான்: இல்லை அத்தை. ஸ்பீக்கர் இருக்கிறது, ஆனால் ஒன்றுதான். ஜோடி எங்கே?

பெரியம்மா: சேகர் தம்பி வாங்கிப் போனார்

ராஜி அக்கா: 🙊

மாமா: அப்போதே திருப்பிக் கொடுத்த ஞாபகம் அக்கா

அத்தை: எங்கே கொடுத்தீர்கள்? நம் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கு. ட்வீட்டர் போச்சு என்று வைத்தது

மாமா: இதையெல்லாம் இங்கே எழுத வேண்டுமா

சித்தப்பா: ட்வீட்டர், அதாவது பெட்டிக்குள் மேல் ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கர், ஏன் போனது என்று நான் சொல்கிறேன். சின்ன ஆம்பை வைத்து வால்யூமைக் கடைசி வரை திருகினால் அலையின் மேலும் கீழும் வெட்டுப்பட்டுச் சப்பையாகிவிடும். அதற்குப் பெயர் கிளிப்பிங். வெட்டுப்பட்ட அலையில் மேல் ஸ்தாயி அதிகம், சக்தியும் ஏறும். அந்த மேல் ஸ்தாயி ட்வீட்டர் தலையில் இறங்கும். அளவாக ஓட்டுகிற பெரிய ஆம்பை விட, திணறுகிற சின்ன ஆம்ப்தான் ட்வீட்டருக்கு எமன்.

மாமா: நீ அங்கே இருந்தாயா?

சித்தப்பா: இருக்க வேண்டுமா? அடுத்த தெருவுக்கே கேட்டது.

நான்: 😂😂 சரி, பெரியம்மா, ஆம்ப் உங்களுக்கு வேண்டுமா?

பெரியம்மா: எனக்கு எதற்கு. அவர் யாரையும் குமிழைத் தொட விடமாட்டார். தூசி தட்டுவது மட்டும் என் கணக்கு

சித்தப்பா: என்னையும் விட்டதில்லை அண்ணி.

ராஜி அக்கா: எனக்கு வேண்டும். அந்த நீல வெளிச்சம் எரியுமா?

சித்தப்பா: விளக்கு போயிருந்தாலும் மாற்றலாம் ராஜி. எல்இடி போட்டால் நீலம் வேறு மாதிரி ஆகிவிடும், பார்த்துப் போடு. குமிழ் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் போதும். எல்லாக் கெப்பாசிட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுகிறேன் என்பவரிடம் மட்டும் கொடுக்காதே. மீட்டர் வைத்து அளந்து பார்ப்பவர் வேண்டும். அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருந்தால் இணையத்தில் வாங்காதே, போலி நிறைய.

மாமா: எனக்குத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார்

அத்தை: ரேடியோவைக் கழற்றிப்போட்டுவிட்டு காணாமல் போனாரே, அவரா?

விக்கி: ஒரு நிமிஷம். இப்போதுதான் வலையில் இதன் விலை பார்த்தேன். பழைய சாமான்காரர் வேண்டாம்

விக்கி: நான் எடுத்துக்கொள்கிறேன்

ராஜி அக்கா: காலையில் தூக்கிப் போடச் சொன்னது யார்???

விக்கி: அப்போது விலை தெரியாது

பெரியம்மா: இரண்டு பேரும் சண்டை போட்டால் சித்தப்பாவிடம் கொடுத்துவிடுவேன்

சித்தப்பா: நான் எதுவும் கேட்கவில்லை அண்ணி. கார்த்தி, வேறு யார் வீட்டுக்கும் போவதற்கு முன் முதல் தடவை ஆன் செய்ய நான் வருகிறேன். பல்ப் நான் கொண்டுவருகிறேன்.

நான்: அதுவரை கூடத்தில் வைக்கவா?

ராஜி அக்கா: ஈரம் இல்லாத இடமாகப் பார்

மாமா: அந்த ஸ்பீக்கரையும் கொண்டுவருகிறேன். ட்வீட்டர் செலவு பாதிப் பாதி

சித்தப்பா: பாதியா?

அத்தை: தம்பி, நீ எனக்கு ஃபோன் செய். இங்கே வேண்டாம்