ஒரே குருவியை எத்தனை தடவை எண்ணுவது?

ஜன்னலோரம்:
இந்தக் குளிர்காலத்தில் வீட்டில் எல்லோருமாகப் பறவைகளை எண்ணுவது என்று முடிவு செய்தோம். நான், மனைவி, எட்டு வயது மகள், ஐந்து வயது மகன். தினமும் காலையில் 15 நிமிடம், ஜன்னல் பக்கத்தில். முதல் நாளே சண்டை. சிட்டுக்குருவி மகள் கணக்கில் 6, மகன் கணக்கில் 31. அவன் பொய் சொல்லவில்லை. வேலியிலிருந்து தரைக்கு இறங்கினால் ஒன்று, திரும்ப வேலிக்குப் போனால் இன்னொன்று. "இது புதுசுப்பா" என்கிறான். இல்லை என்று எதை வைத்துச் சொல்வது? எனக்கே எல்லாக் குருவியும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. நோட்டில் எதை எழுத?

மரங்கொத்தி:
ஒரே நேரத்தில் கண்ணில் பட்டதில் எது அதிகமோ அதை மட்டும் எழுதுங்கள். முதலில் 4, அப்புறம் 6, கடைசியில் 3 என்றால் விடை 6. பதின்மூன்று இல்லை. பிரிட்டனில் 1979 முதல் நடக்கும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பில் இதுதான் விதி. அங்கே ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், உங்கள் மகன் தாங்குவானா தெரியாது! இப்படி எண்ணினால் உண்மையைவிடக் குறைவாகத்தான் வரும். பரவாயில்லை, எல்லோரும் ஒரே மாதிரி எண்ணினால் வருடத்துக்கு வருடம் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது என்றீர்களே, தொண்டையைப் பாருங்கள். ஆணுக்குக் கறுப்புத் திட்டு உண்டு, பெண்ணுக்குக் கிடையாது.

பழைய நோட்டு:
பேரப்பிள்ளைகளோடு எண்ணுகிறவள் நான். சின்னவனிடம் நோட்டைக் கொடுக்காதீர்கள், வேறு வேலை கொடுங்கள். நிறையக் குருவிகள் சேர்ந்திருக்கும்போது அவன் "நிறுத்து" என்று சொல்ல வேண்டும். அந்த நொடியில் இருப்பதை மட்டும் மற்றவர்கள் எண்ண வேண்டும். எங்கள் வீட்டுச் சண்டை இதில்தான் அடங்கியது.

பெரியவளுக்கு ஒரு கதை சொல்லுங்கள். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் அன்று யார் அதிகப் பறவைகளைச் சுடுவது என்று போட்டி வைப்பார்களாம். 1900இல் பிராங்க் சாப்மன் என்பவர், சுடாமல் எண்ணுவோமே என்றார். முதல் வருடம் 27 பேர்தான் எண்ணினார்கள். என் பேத்தி இதைக் கேட்டதிலிருந்து ஒருநாளும் தவறவிட்டதில்லை.

பிப்ரவரியில் நான்கு நாள் உலகம் முழுக்க நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பிலும் சேரலாம். குறைந்தது 15 நிமிடம் எண்ணி, ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். பெயர் தெரியாத பறவைக்கு மட்டும் குத்துமதிப்பாகப் பெயர் வைத்துவிடாதீர்கள்.

ஜன்னலோரம்:
இன்று செய்து பார்த்தோம். அவன் "நிறுத்து!" என்று கத்திய கத்தலில் எல்லாம் பறந்துவிட்டன. இரண்டாவது தடவை கையை மட்டும் தூக்கினான். ஏழு. கறுப்புத் தொண்டை மூன்று. நடுவில் ஒரு வாலாட்டி தனியாக வந்து, நாலடி ஓடும், நிற்கும், வாலை மேலும் கீழும் ஆட்டும், மறுபடி ஓடும். அதில் இருவர் கணக்கும் ஒன்றுதான்.

இப்போது புதுப் பிரச்சினை. காகம் தினமும் வருவதால் அதை எண்ண மாட்டேன் என்கிறாள் மகள்.

பழைய நோட்டு:
அதெல்லாம் கிடையாது. காகத்தையும் எண்ணச் சொல்லுங்கள்.